அழியா எழுத்து



சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரியின் பழைய மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவன். பள்ளியை விட்டு விலகிய ஆண்டிலேயே தாயை இழந்தவன். "சேர், அம்மான்ர நினைவா கையில ஒரு சொல்லுப் பச்சை குத்தப்போறன். வடிவான எழுத்தில ஒருக்கா எழுதித் தாங்கோ" என்று கேட்டான். எனக்குச் சினம் வந்தது. "தோலில எழுதவோ உனக்குத் தமிழ் படிப்பிச்சனான்? போய் வேற வேலையைப் பார்" என்று அனுப்பிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு திருமண வீட்டில் அவனைக் கண்டேன். வெய்யில் கொளுத்தும் நேரத்திலும் மணிக்கட்டு வரை சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் பூட்டியிருந்தான். "என்னடா, குத்தினனியோ?" என்றேன். தயங்கித் தயங்கிக் கையை மடித்துக் காட்டினான். 'அன்னை' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'அண்ணை' என்று இருந்தது.

கொழும்பில் ஒரு கடையில் குத்திக்கொண்டானாம். குத்தியவருக்குத் தமிழ் தெரியாது. நண்பன் ஒருவன் கைத்தொலைபேசியில் தட்டி அனுப்பிய சொல்லை அவர் அப்படியே தோலில் ஏற்றிவிட்டார். இரண்டு சுழி இருக்கவேண்டிய இடத்தில் மூன்று சுழி. யாழ்ப்பாணத்தாருக்கு அண்ணை யார் என்று நான் விளக்கவேண்டியதில்லை. பெற்றவளை எண்ணிக் குத்திய எழுத்தைப் பார்த்து, "ஆரடா அந்த அண்ணை?" என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுகிறார்களாம். சொல்லும்போது சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிழை குத்தியவருடையதா, நண்பனுடையதா, கேட்டபோது எழுதிக் கொடுக்க மறுத்த தமிழ் ஆசிரியனுடையதா? அந்தக் கேள்வி உறுத்தியதனாலேயே பச்சை குத்தலின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் அற்பமென்று தள்ளியதை மனிதகுலம் எவ்வளவு பெரிய காரியமாகக் கருதி வந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. எதைக் குத்துவது என்ற கேள்விக்கு இணையாக, யாருடைய கையால் குத்துவது என்ற கேள்வியும் அந்த வரலாறு முழுவதிலும் நிற்கிறது.

1991ஆம் ஆண்டு ஒஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடைப்பட்ட அல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு மனிதனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவன் உடலில் 61 பச்சைக் குறிகள் எண்ணப்பட்டுள்ளன. உருவங்கள் ஏதுமில்லை, சிறு கோடுகளும் சிலுவைக் குறிகளுமே. அவற்றுட் பல கணுக்கால், முழங்கால், கீழ்முதுகு ஆகிய இடங்களில், மூட்டுத் தேய்ந்திருந்த பகுதிகளில் அமைந்துள்ளன. வலி தீர்க்கும் வைத்தியமாக அவை குத்தப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். தன் கைக்கு எட்டாத முதுகில் அவன் தானே குத்திக்கொண்டிருக்க முடியாது. அந்த மனிதனுக்கும் நம்பத்தக்க இன்னொரு கை வேண்டியிருந்தது.

நம் இலக்கியத்துக்கு வருவோம். கலித்தொகை முதலிய நூல்களில் தொய்யில் எழுதுதல் பேசப்படுவதை நீங்கள் அறிவீர்கள். மகளிரின் தோளிலும் மார்பிலும் சந்தனம் முதலியவற்றின் குழம்பால் கொடி வரைவது தொய்யில். அதைப் பச்சை குத்தலின் முன்னோடி என்று சொல்வோருமுண்டு. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தொய்யில் நீராடினால் அழியும். பிழைபட்டால் மறுநாள் திருத்தி எழுதலாம். பச்சையில் மறுநாள் என்பது கிடையாது. ஊசி மேற்றோலைக் கடந்து உட்டோலில் மையை வைத்துவிடுகிறது. அங்கே உடலின் காவற் கலங்கள் அந்த மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு கலம் இறந்தால் அது விட்ட மையை அடுத்த கலம் எடுத்துக்கொள்கிறது என்று 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தனர். கரியால் குத்தியது நமக்குப் பச்சையாகத் தெரிவதற்கும் இந்த ஆழமே காரணம். தோலின் ஊடாகப் பார்க்கும்போது கருமை நீலம் கலந்த பச்சையாகத் தோன்றுகிறது. 'பச்சை குத்துதல்' என்ற தமிழ்ப் பெயரில் இந்த அவதானம் ஒளிந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் வழங்கும் 'டாட்டூ' என்ற சொல் பசுபிக் தீவுகளிலிருந்து போனது. 1769இல் கப்டன் குக்கின் கப்பல் தாகித்தித் தீவை அடைந்தபோது அங்குள்ள மக்களின் 'தாதாவ்' என்ற சொல்லைக் கப்பலில் வந்தோர் குறித்துக்கொண்டனர். அதே சொல் இன்றும் வழங்கும் சமோவாத் தீவுகளில் இக்கலை அறுபடாமல் வாழ்கிறது. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை உடலைச் சுற்றிக் குத்துவார்கள். பன்றிக் கொம்பிலோ எலும்பிலோ செய்த சீப்புப் போன்ற கருவியை மையில் தோய்த்துச் சிறு கோலால் தட்டித் தட்டிக் குத்துவது மரபு. உதவியாளர் தோலை இழுத்துப் பிடித்திருப்பர். பல நாட்கள் நீளும் வேலை.

இதைச் செய்பவரை அங்கே 'துஃபுங்கா' என்பர். கைதேர்ந்தவர் என்பது பொருள். இந்தத் தொழில் குறிப்பிட்ட குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. இளைஞன் ஒருவன் நினைத்தவுடன் போய் அமர்ந்துவிட முடியாது. குடும்பம் பேசவேண்டும், துஃபுங்கா இசையவேண்டும், நுண்ணிய பாய்களும் உணவும் அவருக்குக் காணிக்கையாகப் போகவேண்டும். வலி பொறுக்காமல் பாதியில் எழுந்தவனின் அரைகுறைப் பச்சை அவனுக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் இழுக்காகும். 1830இல் வந்திறங்கிய கிறித்தவ மிஷனரிமார் இதை ஒழிக்க முயன்றும் முடியவில்லை. குத்துபவரைத் தேர்வது அங்கே ஏறக்குறைய சம்பந்தம் பேசுவது போன்றது என்றால் மிகையாகாது.

தமிழகத்தில் இக்கலை குறவர் இனப் பெண்களின் கையில் இருந்தது. சென்னை அரும்பொருட் காட்சியகத்தின் பொறுப்பாளராயிருந்த எட்கார் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் இவர்களின் தொழில்முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் முடிந்து எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, நீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை ஆகிவிடும். சில ஊசிகளை நூலால் கட்டினால் அதுவே கருவி. ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா. சிக்கலான கோலத்துக்குப் பன்னிரண்டு அணா. நாட்டுப்புறங்களில் அரிசி, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. அழும் சிறுமியை ஆற்றப் பாட்டும் உண்டு.

இந்தக் கலை கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. தோட்டத் தொழிலாளராக வந்த பெண்களின் கைகளிலேயே வந்தது. எனது முதல் நியமனம் மலையகத்தில். பாடசாலைக்கு அருகிலிருந்த லயத்தில் எண்பது வயது கடந்த ஒரு பாட்டி இருந்தார். அவரது முன்னங்கையில் புள்ளிக் கோலம் ஒன்று மங்கிப் படர்ந்திருந்தது. அதைப் பற்றி ஒருநாள் கேட்டேன்.

"ஊருல சின்னப்புள்ளையா இருக்கறப்போ குத்துனது வாத்தியாரே. எங்கம்மாதான் கையப் புடிச்சிக்கிட்டாங்க. நான் கத்துறேன், குத்துறவ பாட்டுப் பாடுறா" என்றார். "வேணாம்னு சொல்லலியா?" என்று கேட்டேன். "நம்மள யாரு கேட்டா?" என்று சிரித்தார். பிறகு கையைத் தடவியபடி, "செத்தா நகநட்டெல்லாம் கழட்டிக்கிடுவாங்க. இது ஒண்ணுதான் நம்ம கூட வரும்" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் பல ஆண்டுகளாக மனதில் வைத்திருக்கிறேன். உயிரோடு கூட வரும் ஒரே நகை; ஆனால் அதை அணிய அவரைக் கேட்டவர் எவருமில்லை. மரபு என்று நாம் போற்றும் பலவற்றின் இரு பக்கமும் அந்தக் கையில் இருந்தன. தெரிந்த கை குத்தியது, ஊரே அறிந்த கோலம், தாய் பக்கத்தில் இருந்தாள். தெரிவு மட்டும் அவருடையதாக இருக்கவில்லை.

தெரிவு பறிக்கப்பட்டபோது பச்சை எவ்வளவு கொடியதாகும் என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. வங்காளத்தில் 1797ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆயுட் கைதிகளின் நெற்றியில் அவர்களின் பெயரும் குற்றமும் பச்சை குத்தப்பட்டன. 1849இலேயே அது கைவிடப்பட்டது. நாசிகளின் அவுஷ்விட்ஸ் முகாமில் 1941 முதல் கைதிகளின் உடலில் இலக்கம் குத்தினார்கள். அரசியல் அன்பும் சில வேளை வற்புறுத்தலாக மாறும். 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளுமாறு கேட்டபோது, அவரை உயிராக மதித்தவர்களிடையேயும் சிலர் மறுத்து நின்றனர். என் தோலில் எழுத என்னைக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் எளிதில் வந்த ஒன்றன்று.

1891இல் நியூயோர்க்கில் சாமுவேல் ஓரெய்லி என்பவர் மின்சாரப் பச்சை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எடிசன் படியெடுப்பதற்காகச் செய்த மின்பேனையே அதற்கு மூலம். அதன்பின் வேலை விரைவாயிற்று, கடைகள் பெருகின, பணமுள்ள எவரும் எவரிடமும் போகலாம் என்றாயிற்று. இன்று நம் ஊர்களிலும் அத்தகைய கடைகள் வந்துவிட்டன. பாட்டிக்கு இல்லாத தெரிவு பேரனுக்கு இருக்கிறது. ஆனால் முன்பு குடும்பமும் ஊரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியை இப்போது அவன் தனியே செய்யவேண்டியிருக்கிறது. அங்கேதான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

எனவே குத்திக்கொள்ள எண்ணும் இளையோருக்கு, இந்த வரலாற்றிலிருந்து நான் கற்ற சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கடையின் அலங்காரத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். அவர் முன்பு குத்திய பச்சைகளைப் பாருங்கள். அன்று குத்திச் சிவந்திருப்பவற்றை விட, ஆறி ஓர் ஆண்டு கடந்தவற்றைப் பாருங்கள். கோடு தடித்துப் படர்ந்திருக்கிறதா, கூர்மையாக நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஊசி உங்கள் கண்முன் புதிய உறையிலிருந்து எடுக்கப்படவேண்டும். மை உங்களுக்கென்று தனியே ஊற்றப்படவேண்டும். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் நோய்களும் எயிட்ஸ் கிருமியும் அசுத்தமான ஊசிவழி பரவக்கூடியவை. கேள்வி கேட்டால் எரிந்து விழுபவரிடம் கையை நீட்டாதீர்கள். மது அருந்தி வந்தவனுக்கும் அவசரப்படுகிறவனுக்கும் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லக்கூடியவரே நல்ல கலைஞர்.

உருவத்தைத் தெரியும்போது அது பிறருக்கு என்ன பொருள் தரும் என்பதையும் எண்ணுங்கள். 2014 ஏப்ரலில், கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணொருவர் கட்டுநாயக்காவில் வந்திறங்கியபோது கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அவர் புத்தரை மதித்தே குத்தியிருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று எமது உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கப் பணித்தது 2017இல்தான். நீதி கிடைத்தது, ஆனால் மூன்றரை ஆண்டுகள் சென்றன.

எழுத்தைக் குத்துவதானால் ஒரு வார்த்தை கூடுதலாக. தமிழ் அறியாதவரின் கணினியில் நம் எழுத்துகள் அடிக்கடி குலைந்துபோகும். ஐகாரக் குறி மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். ஒகரம் பிரிந்து கிடக்கும். ஊசி படுமுன் எழுத்தின் அச்சைத் தோலில் ஒட்டிக் காட்டுவது வழக்கம். அதுவே கடைசிப் படித்திருத்தம். பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடலாம், இங்கே முடியாது. லேசர் கதிரால் மையைச் சிதைக்கலாம் என்றாலும் பல தடவை போகவேண்டும், பணம் செலவாகும், முற்றாக மறையும் என்ற உறுதியுமில்லை. ஆகவே அந்த அச்சைத் தமிழ் அறிந்த ஒருவர் எழுத்தெழுத்தாக வாசித்துச் சொல்லட்டும்.

சென்ற ஆண்டு அந்தப் பழைய மாணவன் மீண்டும் வந்தான். வேறொரு கலைஞரைக் கண்டிருக்கிறானாம். நான்கு மாதம் பொறுத்திருந்து, அவர் குத்திய பலரின் கைகளைப் பார்த்திருக்கிறான். பழைய சொல்லின்மேல் அடர்ந்த இலைகளை வரைந்து மறைத்துவிடலாம், கீழே புதிதாக எழுதலாம் என்று அவர் சொன்னாராம். சரியான எழுத்தைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் எழுதுவித்துக் கொண்டுவா என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். "சேர், இப்பவாவது எழுதித் தாறியளோ?" என்று கேட்டான்.

இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். பிழைத்தால் துடைத்துவிட்டு எழுதுவேன். அன்று ஒரு வெள்ளைத்தாளில் 'அன்னை' என்று மூன்றே எழுத்து எழுத எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. எட்டுத் தாள்களைக் கிழித்தேன். ஒன்பதாவதைக் கொடுத்தேன். குத்தும் நாளில் அச்சைப் படமெடுத்து அனுப்பினான். சுழிகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்து, "சரி, குத்தட்டும்" என்றேன்.

இப்போது என் கையெழுத்து ஒரு மாணவனின் கையில் இருக்கிறது. நான் எழுதியவற்றுள் துடைக்க முடியாதது அது ஒன்றுதான். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஊரில் திரிகிறான் என்று கேள்வி.