ஒருவருக்கு எத்தனை பெயர்கள்?

1981 ஜூலை 3 அன்று பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற நூல் அறிமுக நிகழ்ச்சி ஒன்றில் பால் பாவ்லோவிச் என்பவர் தோன்றினார். எமில் அஜார் என்ற எழுத்தாளராக அதுவரை அறியப்பட்டிருந்தவர் அவர். அந்தப் பெயரில் வெளிவந்த நான்கு நூல்களில் ஒன்றைக்கூடத் தான் எழுதவில்லை என்றும், அனைத்தையும் எழுதியவர் தன் உறவினரான ரொமேன் காரி என்றும் அவர் அன்று அறிவித்தார். மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ காரி அப்போது உயிருடன் இல்லை. ஏழு மாதங்களுக்கு முன், 1980 டிசம்பர் 2 அன்று, பாரிஸில் அவர் தற்கொலை செய்துகொண்டிருந்தார்.

இன்று ஒரே மனிதர் காலையில் அலுவலகத்துக்காக ஒரு பெயரிலும், மாலையில் கவிதைக்காக இன்னொரு பெயரிலும், நள்ளிரவில் யாருக்கும் சொல்லாத மூன்றாவது பெயரிலும் இணையத்தில் உலவ முடிகிறது. இதைப் புதிய காலத்தின் நோய் என்று சிலரும் புதிய காலத்தின் விடுதலை என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டு தரப்பினருக்கும் காரியின் கதையை நினைவூட்டத் தோன்றுகிறது.

1914ல் வில்னாவில் பிறந்தபோது அவர் பெயர் ரோமன் கட்செவ். ரொமேன் காரி என்பதே அவர் சூடிக்கொண்ட பெயர்தான். இரண்டாம் உலகப் போரில் சுதந்திர பிரான்சின் வான்படையில் பணியாற்றி, பின்னர் தூதரக அதிகாரியாகி, 1956ல் 'வானத்தின் வேர்கள்' என்ற பொருள்படும் நாவலுக்காக கொன்கூர் பரிசு பெற்றார். அடுத்த இருபது ஆண்டுகளில் அவருடைய பெயரே அவருக்குச் சுமையாயிற்று. காரியின் புதிய நாவல் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்பதை விமர்சகர்கள் படிக்காமலே அறிந்தவர்களாக இருந்தார்கள். 1974ல், பாரிஸில் ஒரு மலைப்பாம்புடன் குடியிருக்கும் தனிமனிதனைப் பற்றிய நாவலை எமில் அஜார் என்ற பெயரில் அவர் வெளியிட்டார். அஜாரின் மொழி வேறு, நகைச்சுவை வேறு. இலக்கணப் பிழைகளையே அழகாக்கிக்கொள்ளும் ஒரு குரல் அது. தன் சொந்தப் பெயருக்குள் இருந்துகொண்டு காரியால் அதை எழுதியிருக்க முடியாது.

1975ல் அஜாரின் இரண்டாவது நாவலான 'லா வீ தெவான் சுவா' கொன்கூர் பரிசை வென்றது. ஓர் எழுத்தாளருக்கு ஒருமுறை மட்டுமே தரப்படும் பரிசு அது. இரண்டு முறை பெற்றவர் இன்றுவரை காரி ஒருவரே. சிக்கலும் அங்கேதான் தொடங்கிற்று. பரிசு பெற்றவருக்கு முகம் வேண்டும், குரல் வேண்டும், புகைப்படம் வேண்டும். காரி அந்த வேடத்தைத் தன் உறவினரான பாவ்லோவிச்சிடம் கொடுத்தார். பேட்டிகள் நடந்தன. பாவ்லோவிச் காரியின் உறவினர் என்பதையும் பத்திரிகைகள் கண்டுபிடித்துவிட்டன. தடயத்தை அழிக்க 1976ல் அஜாரின் பெயரில் இன்னொரு நூல் எழுத வேண்டியிருந்தது. பாவ்லோவிச்சை மனநிலை பிறழ்ந்தவராகவும் காரியைக் கொடிய மாமனாகவும் சித்தரித்த நூல் அது. ஒரு பெயரைக் காப்பாற்ற எழுத்தாளர் தன்னையே இழித்து எழுதவேண்டி வந்தது. அந்தப் பெயரைச் சுமந்த உறவினரோ தன் சொந்த வாழ்க்கையைத் தனதென்று சொல்லிக்கொள்ள முடியாதவரானார்.

காரியின் மரணத்தை அஜாரின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. அவர் வாழ்வில் வேறு துயரங்களும் இருந்தன. ஆனால் அஜார் தன் கையை விட்டுப் போய்விட்டதை அவர் உணர்ந்திருந்தார். 1979ல் எழுதி, மரணத்துக்குப் பின் 1981ல் வெளியான சிறுநூலில் அவர் அதை ஒளிக்கவில்லை.

இந்தக் கதையில் இரண்டு செயல்கள் கலந்திருக்கின்றன. வேறு பெயரில் நாவல் எழுதியது ஒன்று. அந்தப் பெயருக்கு உரியவர் இவரே என்று ஒரு மனிதரை உலகின் முன் நிறுத்தியது மற்றொன்று. முன்னது புனைவு. பின்னது சாட்சியம், அதுவும் பொய்ச் சாட்சியம். புனைவு அவருக்கு இளமையைத் திருப்பித் தந்தது. பொய்ச் சாட்சியமோ இருவரையும் சிறைப்படுத்தியது.

புனைபெயர் நமக்குப் புதிதல்ல. பாரதி ஷெல்லிதாசன் என்றும் எழுதினார். ரங்கராஜன் தன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். யாரும் ஏமாற்றப்படவில்லை. ஆனால் 1855ல் வால்ட் விட்மன் தன் கவிதைத் தொகுப்பின் முதல் பதிப்பு வெளிவந்ததும், பெயரிடாத மதிப்புரைகளைத் தானே எழுதித் தன்னைப் புகழ்ந்துகொண்டார். பெரும் கவி என்பதால் நாம் அதைப் புன்னகையுடன் மன்னித்துவிட்டோம். எனினும் அவர் செய்தது பொய்ச் சாட்சியமே. இணையத்தில் பல போலிப் பெயர்களில் வந்து தன் நூலுக்குத் தானே ஐந்து நட்சத்திரம் இடுபவர்களுக்கு அவரே முன்னோடி.

*

இணையத்தின் தொடக்க காலத்தில் இந்த வேறுபாடு அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. எழுத்தால் மட்டுமே ஆன விளையாட்டு உலகங்களில் ஆண்கள் பெண்களாகவும் கூச்ச சுபாவிகள் வீரர்களாகவும் உலவியதை ஷெர்ரி டர்க்கிள் 1995ல் வெளியான தன் நூலில் பதிவு செய்தார். மனிதர் தம்முள் இருக்கும் பல முகங்களை ஒத்திகை பார்க்கும் இடமாக அவர் அதைக் கண்டார். அந்த மதிப்பீடு முழுக்கத் தவறல்ல. ஊருக்கும் உறவுக்கும் அஞ்சி வாய் திறக்காத ஒருவர் முதல் வாக்கியத்தைச் சொல்ல ஒரு மாற்றுப் பெயர் போதும். அந்த முதல் வாக்கியம் இல்லாமல் இரண்டாவது வாக்கியம் பிறப்பதில்லை.

2008ல் தென்கொரியாவில் மினெர்வா என்ற பெயரில் ஒருவர் பொருளாதாரம் பற்றி எழுதினார். லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழும் என்று அவர் முன்கூட்டியே எழுதியது பலித்ததும் நாடே அவரைப் படிக்கத் தொடங்கியது. அவர் தன்னை வெளிநாட்டு நிதித்துறையில் அனுபவம் பெற்ற முதியவராகக் காட்டிக்கொண்டிருந்தார். 2009 ஜனவரியில் கைதானபோது, அவர் முப்பது வயதையொட்டிய, வேலையற்ற, பொருளாதாரப் பட்டம் இல்லாத இளைஞர் எனத் தெரிந்தது. பொய்த் தகவல் பரப்பியதாக வழக்கு. ஏப்ரலில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் மீது ஏவப்பட்ட சட்டப்பிரிவையே 2010 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றது.

மினெர்வாவிடம் இரண்டும் இருந்தன. அவருடைய கணிப்புகளை யாரும் சரிபார்க்கலாம். அதற்கு அவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. பட்டமில்லாத ஓர் இளைஞரின் சொந்தப் பெயரில் அவை வந்திருந்தால் யாரும் படித்திருக்கமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர் புனைந்துகொண்ட முதுமையும் அனுபவமும் வாசகரின் நம்பிக்கையைக் கடன் வாங்கின. பெயர் அவருக்குக் கேடயம் மட்டுமே. புனைந்த வாழ்க்கை வரலாறோ பொய்ச் சாட்சியம்.

எல்லோரையும் சொந்தப் பெயருடன் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே நாடு சோதித்துப் பார்த்தது. வசையையும் அவதூறையும் ஒழிக்கவென்று 2007ல் பெரிய இணையத்தளங்களில் எழுதுவோர் தம் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 2011 ஜூலையில் அங்கு இரண்டு பெரிய தளங்கள் உடைக்கப்பட்டுச் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோயின. 2012 ஆகஸ்ட் 23 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக நீக்கியது. வசைகள் குறிப்பிடும்படி குறையவில்லை என்பதும் நீதிபதிகள் சுட்டிய காரணங்களில் ஒன்று. அயோக்கியர் சொந்தப் பெயரிலேயே வசைபாடத் தயங்கவில்லை. அஞ்சி ஒதுங்கியவர்கள் மற்றவர்களே.

*

இத்தனைக்குப் பிறகும் மாற்றுப் பெயரை நிபந்தனையின்றி ஆதரிக்க முடியாமல் செய்வது 2011ன் இன்னொரு நிகழ்ச்சி. சிரியாவில் மக்கள் கிளர்ச்சி பரவிய மாதங்களில், டமாஸ்கஸில் வாழும் தன்பாலின ஈர்ப்புள்ள பெண்ணாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ஆமினா என்பவர் எழுதிய குறிப்புகளை மேற்குலகம் ஆவலுடன் படித்தது. ஜூன் 6 அன்று, அவரை ஆயுதம் தாங்கியவர்கள் கடத்திச் சென்றதாக உறவுப் பெண் ஒருத்தி பெயரில் செய்தி வந்தது. அவரை விடுவிக்கக் கோரி உலகெங்கும் குரல்கள் எழுந்தன. சிரியாவிலேயே இருந்தவர்கள் சிலர் விசாரித்துத் தேடித் தம்மை ஆபத்துக்கு உள்ளாக்கிக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் உண்மை வெளிவந்தது. ஆமினா என்று யாருமில்லை. எழுதியவர் ஸ்காட்லாந்தில் படித்துக்கொண்டிருந்த நாற்பது வயது அமெரிக்க ஆண். ஆமினாவின் முகமாகக் காட்டப்பட்டதோ எதையும் அறியாத லண்டன் பெண்ணொருத்தியின் படம்.

அவர் நாவல் என்று சொல்லி எழுதியிருந்தால் நாம் நாவலாகப் படித்திருப்போம். அவர் சாட்சியம் என்று சொல்லி எழுதினார். அதன் விலையை அவர் கொடுக்கவில்லை. உண்மையான சிரியப் பெண்கள் கொடுத்தார்கள். அதற்குப் பின் அங்கிருந்து மாற்றுப் பெயரில் உதவி கேட்ட ஒவ்வொருவரையும் உலகம் சந்தேகக் கண்ணோடு பார்க்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. மாற்றுப் பெயர் மிக அவசியமாக இருந்தவர்களிடமிருந்து அவர் அதைப் பறித்துக்கொண்டார்.

எந்த முகமூடியும் நீண்டநாள் தங்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013ல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் துப்பறியும் நாவல் எழுதிய ஜே. கே. ரௌலிங் மூன்றே மாதங்களில் வெளிப்பட்டார். வழக்கறிஞர் ஒருவர் வாய்தவறிச் சொன்னது ஒரு பக்கம். சொற்களின் பயன்பாட்டை எண்ணிக் கணக்கிட்ட கணினி ஆய்வு அதற்கு வலுச்சேர்த்தது மறுபக்கம். பெயரை மாற்றலாம், நடையை மாற்றுவது கடினம். ஆகவே ஒரு மாற்றுப் பெயரைச் சூடுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நாளை இது கழன்று விழும்போது, நம்மை நம்பியவரில் யார் காயப்படுவார்கள்? நாம் மட்டுமே கூசி நிற்போம் என்றால் தாராளமாக அணிந்துகொள்ளலாம். நம்மை நம்பி எழுந்து நின்ற வேறொருவர் விழுவார் என்றால் அது புனைபெயர் அல்ல.

பாவ்லோவிச் அன்று தொலைக்காட்சியில் அமர்ந்திருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். மற்றவர் எழுதியதற்குப் புகழும் பழியும் சுமந்த அந்த மனிதர் அன்று திரும்பப் பெற்றது தன் சொந்தப் பெயரை மட்டுமே.