கடல் தொட்டி ஏன் நாறுது? - ஒரு குட்டி சரித்திரம்

உப்புத்தண்ணி மீன்தொட்டி வெச்சிருக்கிற யாரைப் பார்த்தாலும் ஒரே புலம்பல்தான். "தொட்டி நாறுதுங்க, என்ன பண்றது?" நல்ல தண்ணி தொட்டியில கப்பி, கோல்டு ஃபிஷ் வளர்க்கிறவங்களுக்கு இந்தத் தலைவலி கம்மி. இந்தக் கேள்விக்கு வயசு 170 வருஷத்துக்கு மேல ஆச்சு. பதில் கண்டுபிடிச்ச கதை ராஜா ராணி கதையை விட சுவாரசியமா இருக்கேன்னுதான் இந்தப் பதிவு.

1846-ல இங்கிலாந்துல அன்னா தின்னு ஒரு அம்மா. பாதிரியாரோட மனைவி. டார்கீ கடற்கரைக்குப் போன இடத்துல கல்பவளத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு ஜாடியில போட்டு லண்டனுக்கே கொண்டு வந்துட்டாங்க. கடல் தண்ணியை ரயில்ல வரவழைக்கணும், கொஞ்ச நாள்ல அது கெட்டுப் போயிடும். அவங்க கண்டுபிடிச்ச வைத்தியம் என்ன தெரியுமா? ஜன்னல் பக்கத்துல நின்னுக்கிட்டு, ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொரு பாத்திரத்துக்கு தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் தண்ணியை மாத்தி மாத்தி ஊத்துறது. நம்ம ஊர் டீ மாஸ்டர் மாதிரி :-) ஊத்தினது அந்தம்மா இல்லை, வீட்டு வேலைக்காரப் பொண்ணு. பேர் அம்மாவுக்கு, கைவலி அந்தப் பொண்ணுக்கு. அடுத்த வருஷம் கூடவே கடல்பாசியும் போட்டாங்க. பவளம் மூணு வருஷம் உயிரோட இருந்துச்சு.

இதை எதுக்கு இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, 2011 டிசம்பர் 30 தானே புயலை நெய்வேலிக்காரங்க யாரும் மறக்க முடியாது. இந்திரா நகர் பக்கம் நண்பர் ஒருத்தர் வீட்டுல 200 லிட்டர் உப்புத்தண்ணி தொட்டி, ரெண்டு கோமாளி மீன். மரமெல்லாம் விழுந்து, கம்பமெல்லாம் சாய்ஞ்சு கிடக்கு. ஊருக்கெல்லாம் கரண்ட் தயாரிக்கிற ஊருக்குப் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு மெழுகுவர்த்தி. மனுஷன் ரெண்டு மக்கை வெச்சுக்கிட்டு ராவும் பகலும் மொண்டு மொண்டு ஊத்தினார். வீட்டம்மா திட்ட, பையன் ஷிஃப்ட் மாத்தி விட, மீன் ரெண்டும் பிழைச்சுது. அன்னா தின் பேரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

கரண்ட் வந்ததும் அவர் செஞ்ச இன்னொரு காரியம் ரொம்ப முக்கியம். நாலு நாளா நின்னு போயிருந்த ஃபில்டரை அப்படியே ஓட விடலை. முதல்ல கழட்டி, உள்ளே தேங்கின தண்ணியைக் கொல்லையில கொட்டினார். தெருமுனை வரைக்கும் அழுகின முட்டை நாத்தம்! அதை தொட்டிக்குள்ளே விட்டிருந்தா கதை முடிஞ்சிருக்கும்.

அந்த முட்டை நாத்தம் எங்கேயிருந்து வருது? கடல் தண்ணியில ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதுல கிட்டத்தட்ட 2.7 கிராம் சல்ஃபேட். காத்து படாத இடத்துல வாழற சில பாக்டீரியா, பிராணவாயுக்குப் பதிலா இந்த சல்ஃபேட்டை எடுத்துக்கிட்டு ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடும். நாத்தம் அதோடதுதான். நல்ல தண்ணியில சல்ஃபேட் ரொம்பக் குறைவு, அதனால அங்கே இந்தத் தொல்லையும் குறைவு. கண்ணாடி ஓரமா மணல்ல கருப்பு திட்டு தெரிஞ்சா அதுதான் அடையாளம். ஒரேயடியா கிளறிடாதீங்க, மீனுக்கு விஷம். ட்யூப் வெச்சு வாரத்துக்குக் கொஞ்சமா உறிஞ்சி எடுங்க. மீன் கவுச்சி மாதிரி நாறினா அது வேற கேஸ். கல்லுக்குப் பின்னாடி ஏதோ செத்துக் கிடக்கு, இல்லேன்னா தீனி ஓவர். தேடி எடுத்துட்டு கால்வாசி தண்ணியை மாத்திடுங்க.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். 1854-ல ஃபிலிப் காஸ்னு ஒருத்தர் புத்தகம் போட்டார். 'அக்வேரியம்'ங்கிற பேரைப் பரப்பினவர் அவர்தான். நாலு உப்பைக் கலந்து வீட்டிலேயே கடல் தண்ணி தயாரிக்கிற கணக்கும் அதே சமயத்துல கொடுத்தார். அவ்வளவுதான், ஊரே கடற்கரைக்குக் கிளம்பிடுச்சு. வாளியும் உளியுமா போய் பாறைக் குளங்களை வழிச்சு எடுத்துட்டாங்க. அவரோட பையன் எட்மண்ட் காஸ் 1907-ல எழுதின புத்தகத்துல இதை நினைச்சு வருத்தப்பட்டிருக்கார்.

நாத்தத்துக்கு சரியான வழி காட்டினவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். 1871-ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல அவர் அமைச்ச காட்சிசாலையில, ஜனங்க பார்க்கிற தொட்டிகளை விட பல மடங்கு பெரிய இருட்டுத் தேக்கம் ஒண்ணு கீழே இருந்துச்சு. தண்ணி ராப்பகலா பம்ப்ல சுத்திக்கிட்டே இருக்கும். அழுக்குத் தண்ணி இருட்டுல ஓடி ஓடித் தெளிஞ்சுது. ஏன் தெளியுதுன்னு அன்னிக்கு யாருக்கும் தெரியாது. 1877-ல ஷ்லேசிங், முன்ட்ஸ்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க, அம்மோனியா நைட்ரேட்டா மாறுறது உயிருள்ள கிருமிகளோட வேலைன்னு காட்டினாங்க. 1890 வாக்குல வினோகிராட்ஸ்கி அந்தக் கிருமிகளைத் தனியா பிரிச்சே எடுத்துட்டார். புதுத் தொட்டியில நாலஞ்சு வாரம் மீன் விடாம காத்திருங்கன்னு கடைக்காரர் சொல்றது இந்தக் கிருமிகள் குடியேறத்தான். கடைக்காரர் சொல்லாம விட்டாலும் காத்திருங்க!

ராப்பகலா பம்ப்னதும் எனக்கு நம்ம சுரங்கம்தான் ஞாபகம் வருது. 1957-ல வெட்ட ஆரம்பிச்சு 1961-ல பழுப்பு நிலக்கரியைப் பார்க்கிற வரைக்கும், அப்புறமும், பெரிய வில்லன் அடியில முட்டிக்கிட்டு நிக்கிற ஊத்துத்தண்ணிதான். பம்ப் நின்னா சுரங்கமும் அம்பேல், தொட்டியும் அம்பேல்.

நம்ம மெட்ராஸும் இதுல சளைச்சதில்லை. எட்கர் தர்ஸ்டன் முயற்சியில 1909-ல மெரினாவிலேயே மீன் காட்சிசாலை திறந்தாச்சு. இந்தியாவுக்கே முதல். 1919-ல மீன்வளத்துறை கைக்குப் போச்சு. எதிரேயே கடல், தண்ணிக்குப் பஞ்சமே இல்லை. 1942-ல ஜப்பான்காரன் குண்டு பயத்துல இழுத்து மூடிட்டாங்க. அது இருந்த தடமே இன்னிக்கு மெரினாவுல இல்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

அப்புறம் 1961. ஜகார்த்தாவுல லீ சின் எங். பெரிய ஃபில்டர் எல்லாம் இல்லை. கடல்ல இருந்து உயிரோட எடுத்த பாறை, கொஞ்சம் காத்துக்குமிழி, வெயில். அவ்வளவுதான், பவளம் வளர்ந்துச்சு. பாறைக்குள்ளே இருந்த கிருமிங்கதான் வேலை பார்த்துச்சு. இன்னிக்கு வீட்டு பவளத்தொட்டி முறைக்கெல்லாம் அவர் ஒரு தாத்தா.

ஆனா அதை நாம அப்படியே செய்யக் கூடாது. மன்னார் வளைகுடாவுல சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வருஷக்கணக்கா வெட்டினாங்க. அங்கே இருந்த 21 தீவுல விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ரெண்டும் கடலுக்குள்ளே போயிடுச்சு. 2001-ல கல்பவளம் எல்லாத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. "ராமேஸ்வரத்துல இருந்து கல்லு வரும் சார், யாருக்கும் தெரியாது"ன்னு எவனாவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

நம்ம நண்பர் பிடிச்ச வழி வேற. விருத்தாசலம் பக்கத்துல பீங்கான் பட்டறைகள் இருக்கே, அங்கே இருந்து மெருகு பூசாத உடைஞ்ச துண்டுகளா பொறுக்கிட்டு வந்தார். நல்லா ஊறவெச்சுக் கழுவி அடுக்கினார். ஓட்டை ஓட்டையா இருக்கிறதால கிருமிக்கு ஆயிரம் வீடு. போர் தண்ணி வேண்டாம்னு ஆர்.ஓ. தண்ணியில உப்பு கலக்கிறார். வாசனைக்கு தேங்காய்த் தொட்டி கார்பன் ஒரு பை. "நெய்வேலியில இருந்துக்கிட்டு கரியை காசு கொடுத்து வாங்குறீங்களே"ன்னு கிண்டல் பண்ணேன். சுரங்கத்துக் கரியில கந்தகம் இருக்கு, அதைப் போட்டா உள்ளதும் போச்சுன்னார். நியாயம்தான். சூடான நீராவியில நுண்துளை திறந்த கரிதான் நாத்தத்தைப் பிடிக்கும்.

பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து கடல் உயிரியல் மையத்துல கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வெச்சு வளர்த்திருக்காங்க. கடல்ல பிடிக்காம, வளர்ப்பு மீனா பார்த்து வாங்கினா போதும். அவரோட தொட்டியில இப்பவும் பவளம் கிடையாது. பீங்கான் துண்டு மேல பாசி மட்டும் பச்சைப் பசேல்னு ஏறியிருக்கு, மூக்கை வெச்சுப் பார்த்தா கடலூர் வெள்ளி பீச் காத்து.