லீவர், வில்லியம் ஹெஸ்கெத் (1851–1925)

திருகோணமலை ஓர்ஸ் ஹில் பக்கத்துக் கடையில் "ஒரு சன்லைட் தாங்கோ" என்று கேட்டால், உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் கைக்கு வரும். அந்தப் பெயரைத் தன் சவர்க்காரத்துக்கு 1884இல் வைத்தவர் வில்லியம் ஹெஸ்கெத் லீவர், பின்னாளில் லீவர்ஹூம் பிரபு.

லீவர் 1851 செப்டெம்பர் 19 அன்று இங்கிலாந்தின் போல்டன் நகரில் பிறந்தார். தந்தை பலசரக்கு மொத்த வியாபாரி. படிப்பை விட்டுக் கடைக்கு வந்த பையனுக்கு முதலில் கிடைத்த வேலைகளில் ஒன்று, நீளமான சவர்க்காரப் பாளங்களை வெட்டிக் காகிதத்தில் சுற்றுவது. அக்காலத்தில் வாங்குபவருக்கு எதிரிலேயே பாளத்தை வெட்டி நிறுத்துத்தான் விற்றார்கள்; செய்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. லீவர் அதை ஒரே அளவுக் கட்டிகளாக்கி, பெயர் அச்சிட்ட உறையிட்டு, விளம்பரத்துக்குப் பணத்தை வாரி இறைத்தார். 1885இல் தம்பி ஜேம்ஸுடன் வாரிங்டனில் ஒரு தொழிற்சாலையைக் குத்தகைக்கு எடுத்தார். விலங்குக் கொழுப்பைக் குறைத்துத் தேங்காயெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களைக் கூட்டிய கலவை வேதியியலாளர் வில்லியம் ஹஃப் வாட்சனுடையது. நன்றாக நுரைத்த அந்தச் சவர்க்காரத்தின் உற்பத்தி 1888 அளவில் வாரத்துக்கு 450 தொன் ஆகிவிட்டது. அதே ஆண்டு கல்கத்தாத் துறைமுகத்திலும் சன்லைட் பெட்டிகள் இறங்கின.

மேர்சி ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் 1888இல் அவர் தொடங்கிய 'போர்ட் சன்லைட்' குடியிருப்புதான் அவருடைய பெரிய சாதனை. ஏறத்தாழ முப்பது கட்டடக் கலைஞர்கள் வரைந்த நூற்றுக்கணக்கான வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம் எல்லாம் தொழிலாளருக்காக எழுந்தன. இலாபத்தைக் காசாகப் பங்கிடுவதைவிட வீடாகவும் வசதியாகவும் கொடுப்பதே மேல் என்பது அவர் கொள்கை. வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சம் இருந்தது உண்மை. ஆயினும் அன்றைய ஆங்கிலத் தொழிலாளி அரிதாகவே கண்ட வாழ்வு அது. 1909இல் தொழிலாளருக்கு நிறுவனத்தில் பங்காளித் திட்டமும் வந்தது. 1906 முதல் 1909 வரை லீவர் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1913இல் இறந்த மனைவி எலிசபெத்தின் நினைவாக அவர் கட்டிய ஓவியக்கூடம் 1922இல் திறக்கப்பட்டது.

இந்தப் பரிவு ஆபிரிக்காவுக்குச் செல்லவில்லை. 1911இல் பெல்ஜியக் கொங்கோவில் அவருடைய கம்பனி செம்பனை நிலங்களுக்கு உரிமை பெற்றது. காலனி அதிகாரிகளின் துணையோடு ஆட்களைக் கட்டாயப்படுத்திக் குலை வெட்ட வைத்தார்கள். பெல்ஜிய வரலாற்றாசிரியர் ஜூல் மார்ஷால் அரச ஆவணங்களைக் கொண்டே இதை எடுத்துக்காட்டியுள்ளார். போர்ட் சன்லைட்டைப் புகழ்ந்து எழுதும் எவரும் இதை விட்டுவிடக் கூடாது.

1925 மே 7 அன்று லீவர் காலமானார். ஒல்லாந்து மாஜரீன் கம்பனியுடன் இணைந்து லீவர் பிரதர்ஸ் 1930இல் யூனிலீவர் ஆனது. இலங்கையில் அதன் கிளை 1938இல் தொடங்கியது. அவருடைய உயிலின்படி அமைந்த லீவர்ஹூம் அறக்கட்டளை இன்றும் ஆராய்ச்சிக்கு நிதி வழங்கிவருகிறது.