கொய்யாமரத்துக் கிளியும் தினைப்புனத்துக் கிளியும்



வீட்டுத்தோட்டம் போட்டிருக்கும் உங்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "டீச்சர், கொய்யாவைக் கிளி கொறித்துப் போடுகிறது, நாற்றை மயில் கிள்ளுகிறது, என்ன செய்வது?" போன வாரம் எனக்குத் தம்பி முறை ஆகும் ஒருவன், "அரிசியில் மருந்து கலந்து வைத்துவிடட்டுமா அக்கா?" என்றே கேட்டுவிட்டான். அவனுக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் சரித்திரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பறவைத் தொல்லை நமக்குப் புதிதல்ல. சங்க காலத்தில் குறிஞ்சி நிலத்துப் பெண்களின் பகல் வேலையே தினைப்புனம் காப்பதுதான். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பரண்மீது அமர்ந்து கிளி ஓட்டுகிறார்கள். அவர்கள் கையில் தழல், தட்டை, குளிர் என்று மூன்று கருவிகள். தழல் என்பது கையால் சுற்றி ஓசை எழுப்புவது. தட்டை என்பது மூங்கிலைப் பலவாகப் பிளந்து தட்டி ஒலிக்கச் செய்வது. குளிரும் கிளியோட்டும் ஒலிக்கருவிதான். எட்டத்தில் இருக்கும் பறவைக்குக் கவண்கல்லும் உண்டு. இரவில் யானையையும் பன்றியையும் விரட்டுவது ஆண்களின் காவல்.

இந்த வேலைக்குச் சங்கப் பாடல்கள் தரும் பெயர் 'கிளி கடிதல்'. கடிதல் என்றால் இங்கே ஓட்டுதல். கதிர் முற்றி அறுவடை ஆகும்வரைதான் அந்தக் காவல். தினை அரிந்ததும் பரண் காலியாகிவிடும், பெண்கள் வீடு திரும்பிவிடுவார்கள். பாடுபட்டு விளைத்ததை அந்தச் சில வாரங்களுக்குக் காப்பாற்றிக்கொள்வதே அவர்கள் நோக்கம்.

குறுந்தொகைப் பாடல் ஒன்றில் வேடிக்கையான செய்தி வருகிறது. குளிரின் ஓசை அத்தனை இனிமையாம். அதைத் தலைவியின் குரல் என்றே நினைத்துக் கிளிகள் புனத்தைவிட்டு எழவே இல்லையாம். புலவர் காதலுக்காகச் சொன்னதுதான். ஆனால் தோட்டக்காரருக்கும் அதில் பாடம் உண்டு. ஒரே ஓசை, ஒரே பொம்மை என்றால் பறவை பழகிவிடும். நீங்கள் கட்டித் தொங்கவிடும் பழைய சிடி நாலு நாளில் பலிக்காமல் போவது இதனால்தான்.

ஓட்டுவதோடு நிற்காமல், பறவையை ஒழித்தே விடுவது என்று ஒரு நாடே கிளம்பியதும் உண்டு. 1958-இல் மாவோவின் சீனாவில் எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி ஆகிய நான்கையும் ஒழிக்கும் இயக்கம் தொடங்கியது. குருவி தானியத்தைத் தின்கிறது என்பது குற்றச்சாட்டு. மக்கள் தெருவிலும் கூரையிலும் நின்று தட்டையும் மேளத்தையும் அடித்துக் குருவிகளை எங்கும் உட்கார விடவில்லை. பறந்து பறந்து களைத்து விழுந்து செத்தன. கூடுகளைக் கலைத்தார்கள், முட்டைகளை உடைத்தார்கள்.

குருவி குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சியை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வயல்களில் பூச்சி பெருகியது. அறிவியலாளர்கள் எடுத்துச் சொன்ன பிறகு, 1960-இல் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அதற்குள் பெரும் பஞ்சம் வந்துவிட்டது. கோடிக்கணக்கான உயிர்கள் போயின. அரசின் தவறான வேளாண் கொள்கைகளே அதற்கு முதன்மைக் காரணம் என்றாலும், குருவி இல்லாத வயலுக்கும் அதில் பங்கு உண்டு.

பரணிலும் ஓசைதான் எழுந்தது, சீனத்துத் தெருவிலும் ஓசைதான் எழுந்தது. முதல் ஓசைக்கு அறுவடை என்ற எல்லை இருந்தது. இரண்டாவதற்கு எல்லையே இல்லை.

ஆகவே தம்பி, மருந்து வேண்டாம். கிளியும் மயிலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. மயில் 1963 முதல் நம் தேசியப் பறவையும்கூட. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நீ வைக்கும் அரிசியைப் பக்கத்து வீட்டுக் கோழியும் தின்னும், தெருவில் விளையாடும் குழந்தையும் எடுக்கும்.

கொய்யா பழுக்கும் முன்பே துணிப்பை கட்டிவிடு. நாற்றுக்குச் சிறு கண் வலையை இழுத்துக் கட்டு. தொய்வாக விட்டால் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். பொம்மையோ சிடியோ, இரண்டு நாளுக்கொரு முறை இடம் மாற்று. அறுவடை முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடு. கை எட்டாத உச்சிக்கிளைப் பழம் அவற்றின் பங்கு. இலைப்புழுவைப் பொறுக்கித் தின்ன அந்த மைனாவும் குருவியும்தான் மறுபடி வரவேண்டும்.

உங்கள் ஊரில் தாத்தா பாட்டி பறவை ஓட்ட என்ன செய்தார்கள்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.