தண்ணிக்குள் போன மோட்டார்



மலர்க் குழுவினர் "நம்ம ஊர்த் தொழிலைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். பஞ்சாலைகளைப் பற்றி எழுத நிறையப் பேர் உண்டு. நான் எழுதப்போவது கிணற்றுக்குள்ளே யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரைப் பற்றி. குறிப்பாக, எரிந்துபோன பழைய மோட்டாரை மறுபடி ஓட வைக்கும் வேலையைப் பற்றி.

கொங்கு நாடு மழை மறைவுப் பூமி. ஆழக் கிணறு வெட்டி, எருது பூட்டி, கவலை ஓட்டித்தான் நம் பாட்டன்மார் வெள்ளாமை செய்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் இறங்கி வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். இந்தியாவின் முதல் மோட்டார் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடத்திலும் பம்பும் மோட்டாரும் உருவாயின. படிப்பும் பட்டறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததுதான் நம் ஊரின் பலம்.

ஆனால் மேலே இருக்கும் பம்பு தண்ணீரை உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. காற்றழுத்தம் தாங்குவது கணக்குப்படி சுமார் 33 அடி; நடைமுறையில் 25 அடி தாண்டினாலே சிரமம். நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரையும் இறக்கினார்கள். ஐப்பசி மழையில் தண்ணி ஏறினால் மோட்டார் முழுகிப் போகும். பிறகு போர் போட்டு, கம்ப்ரசர் வைத்துக் காற்றை உள்ளே அனுப்பித் தண்ணியை மேலே தள்ளினார்கள். கடைசியில்தான், மோட்டாரையே தண்ணிக்குள் விட்டுவிடலாம் என்ற வழி பரவியது.

மின்சாரமும் தண்ணியும் ஒன்றாக இருப்பது எப்படி? இதற்கு மூன்று வழிகள்.

கடலில் முக்குளிப்பவர்கள் கையில் பிடிக்கும் விளக்கு முதல் வழி. உள்ளே காற்று, தண்ணீர் நுழையாமல் காப்பது ஒரு ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் அதற்கு 1939-இல் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு காற்றுமண்டல அழுத்தம் கூடும். வளையத்தில் ஒரு மயிரிழை சிக்கினாலும் விளக்குக்குள் தண்ணி ஏறிவிடும். இரண்டாவது வழி, அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த ஆர்மைஸ் அருட்டுனோவ் எண்ணெய்க் கிணறுகளுக்காக உருவாக்கியது: மோட்டாருக்குள் எண்ணெய் நிரப்புவது.

மூன்றாவது, நம்ம ஊர்ப் போர்களில் பெரிதும் புழங்குவது: தண்ணியைத் தடுக்காமல் உள்ளேயே நிரப்பிவிடுவது! சுற்றுக் கம்பிக்கு பிளாஸ்டிக் உறை. பேரிங்குக்குத் தண்ணிதான் மசகு. உள்ளும் புறமும் அழுத்தம் சமமாக இருப்பதால், தண்ணிக்கு முட்டி மோதி நுழையவேண்டிய அவசியமில்லை. மணல் புகாமல் காத்தால் போதும்.

இந்த எளிமையால்தான், சின்ன ஊரில்கூட ஒரு ரீவைண்டிங் கடை பழைய மோட்டாருக்கு உயிர் கொடுக்க முடிகிறது. எரிந்த கம்பியை உருவி, எத்தனை சுற்று, என்ன கேஜ் என்று எண்ணி நோட்டில் குறிப்பார்கள். புதுக் கம்பியை ஸ்லாட்டுக்குள் ஒவ்வொரு சுற்றாகக் கையால் கோத்து இழுப்பார்கள். தேய்ந்த புஷ்ஷையும் கார்பன் பேரிங்கையும் மாற்றி, தண்ணியில் ஊறவைத்து மெக்கர் வைத்துப் பார்ப்பார்கள். இறக்கும் முன் மோட்டாருக்குள் நல்ல தண்ணி நிரப்பவேண்டும். அதை விட்டால் அத்தனை வேலையும் வீண்.

பழைய முக்குளிப்பு விளக்குகளைப் புதுப்பிப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். உடலை வைத்துக்கொண்டு ஓ-ரிங்கை மாற்றுகிறார்கள். ஹாலஜன் பல்பு போய் எல்.இ.டி. வருகிறது, ஈய பேட்டரி போய் லித்தியம் வருகிறது. பழைய பிளாஸ்டிக் உடல் எல்.இ.டி.யின் சூட்டை வெளியே விடாது என்பதுதான் அங்கே சிக்கல். இங்கேயும் கேள்வி அதேதான்: சூடு எந்த வழியாக வெளியேறுகிறது, ஒயர் எந்த வழியாக உள்ளே போகிறது? போர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் சூடு போக இடமின்றி வைண்டிங் எரியும். கேபிள் ஜாயிண்ட் சரியில்லை என்றால் ஒரே வாரத்தில் மோட்டார் மேலே வந்துவிடும்.

இதில் ஒரு வேதனையும் உண்டு. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். விவசாயிக்கு அது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் மோட்டார் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று பார்க்கும் பழக்கம் போய்விட்டது. பலகையில் 5 ஹெச்.பி. இருக்கும், உள்ளே ஏழரைக்குச் சுத்தியிருக்கும். பாரம் தாங்காமல் டிரான்ஸ்பார்மர் போகும், வோல்டேஜ் குறையும், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் எரியும். "ஏனுங்க, அவரு சுத்தினா நாஞ் சுத்தக் கூடாதுங்களா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்ல?

நாம் மோட்டாரை மேம்படுத்திய ஒவ்வொரு முறையும் தண்ணீர் இன்னும் கீழே போயிருக்கிறது. கவலை இறைத்த கிணறுகள் வறண்டு, 1000 அடி போர் சாதாரணமாகிவிட்டது. இன்னும் ஆழத்துக்குப் போவதை இனியும் மேம்பாடு என்று சொல்லக்கூடாது. அதே தண்ணியைக் குறைந்த மின்சாரத்தில் எடுப்பதும், எடுத்த தண்ணியைச் சொட்டுநீரில் விடுவதும்தான் இனி மேம்பாடு.

தம்பி தங்கைகளே, ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலையவேண்டாம். பக்கத்து ரீவைண்டிங் கடைக்குப் போய் ஒரு வாரம் உட்காருங்கள். சுற்றுவதற்கு முன்பும் பின்பும் மோட்டாரின் திறனை அளந்து பாருங்கள். அந்த அண்ணன்மார் வைத்திருக்கும் அழுக்கு நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் படி எடுங்கள். பழைய மோட்டார்களின் சுற்றுக் கணக்கு பலவும் அவற்றில்தான் இருக்கிறது. நம் ஊரின் தொழில் வரலாறு அது. கரையான் அரிக்கும் முன் காப்பாற்றுங்கள்.