பழசாக்கும் வேலை

நெய்வேலி சுரங்கப் பட்டறையில் பெயின்டராக இருந்தவன் நான். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்ததும் மேல்பூச்சுக் கொடுத்து, இரும்பைப் புதுசாக்கிக் காட்டுவது சம்பளத்துக்குப் பார்த்த வேலை. ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால் வாசலில் நாடகக்காரர்கள் நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியது நேரெதிரான சரக்கு. போன வாரம் பலா மரத்தில் இழைத்த துப்பாக்கி, பத்துப் பதினைந்து வருஷம் சிப்பாய் தோளில் கிடந்ததாகத் தெரிய வேண்டும். காலையில் துருவை அழித்த கை சாயங்காலம் துருவை உண்டாக்கும். இதற்குக் கூலி, ஒரு டீயும் முதல் வரிசை நாற்காலியும்.

போன தீபாவளிக்கு வந்த பேரன் செல்பேசியில் ஒரு ஜப்பான்காரரின் கைவேலையைக் காட்டினான். ஏர்சாஃப்ட் என்று ஒரு விளையாட்டுத் துப்பாக்கி, 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு போடும். பொதுமக்கள் நிஜத் துப்பாக்கி வைத்துக்கொள்வதற்குக் கடும் கட்டுப்பாடு உள்ள ஜப்பானில் 1970-களுக்குப் பிறகு வளர்ந்த பொழுதுபோக்கு. கடையில் வாங்கிய பளபளப்பை எடுத்துவிட்டு, போருக்குப் போய்வந்த கோலத்துக்கு அதைக் கொண்டுவருவதில் பலருக்குப் பித்தே இருக்கிறது. “தாத்தா, நீங்க பண்ணினதும் இதுதானே?” என்றான். அதேதான். எங்கள் தலைமுறையில் அதை யாரும் எழுதிவைக்கவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

தேய்மானத்தைப் படிக்க நெய்வேலியைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டியபோது கருப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்கும் ஊர்க் கதை எல்லாருக்கும் தெரியும். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க மேல்மண்ணோடு மல்லுக்கட்டுத்தான். கடலூர் மணற்கல் என்பது அவ்வளவு கெட்டி. ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் எந்திரங்களின் பற்களை அது அரைத்துத் தின்றது. வெடிவைத்து மண்ணைத் தளர்த்திக் கொடுத்த பிறகுதான் எந்திரம் ஒழுங்காக வெட்டியது.

கழற்றிப் போட்ட பற்கள் பட்டறைப் பக்கம் குவிந்து கிடக்கும். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மண்ணை முட்டும் முகம் கண்ணாடியாக மின்னும். அதன் முதுகுப் பள்ளத்தில் ஆலையில் அடித்த பெயின்ட் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்புத் துரு. தேய்மானத்துக்குத் திசை உண்டு, காரணம் உண்டு. எது எதன்மேல் உரசியது என்று தெரியாமல் யாராலும் ஒரு பொருளைப் பழசாக்க முடியாது. சினிமாக்காரர்கள் எங்கள் சுரங்கத்தைத் தேடிவருவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். 2020-இல் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு இங்கே நடந்தபோது, அந்த மண்ணுக்கும் இரும்புக்கும் யாரும் சாயம் பூச வேண்டியிருக்கவில்லை.

நாடக மேடைக்குத் துப்பாக்கி வந்தது பிந்தித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் கம்பெனிகளில் புராணமும் ராஜா ராணிக் கதையும்தான் முக்கியச் சரக்கு. அங்கே ஆயுதம் என்றால் வாளும் வேலும் கதையும். அவை மின்ன வேண்டும், பழசாகத் தெரிந்தால் ராஜாவுக்குக் கௌரவக் குறைச்சல். தேசபக்தி நாடகங்கள் வளர வளர வெள்ளைக்காரச் சிப்பாய் மேடையேறினான், அவனோடு துப்பாக்கியும் ஏறியது. சக்தி கிருஷ்ணசாமி எழுதி சிவாஜி நாடக மன்றம் நடத்திய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1959-இல் பி.ஆர். பந்துலுவின் படமாக வந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் ஒரு கட்டபொம்மனும் ஒரு ஜாக்சன் துரையும் கட்டாயம். எங்கள் நகரியத்திலும் அப்படியே. வட்டத்துக்கு வட்டம் ஊர் ஊராக வந்து குடியேறிய ஜனங்கள். பொங்கல், மே தினம், சுதந்திர தினம் எதுவாக இருந்தாலும் நாடகம் உண்டு. ஜாக்சன் துரைக்குப் பின்னால் நிற்கும் நாலு சிப்பாய்களுக்கு நாலு துப்பாக்கி என் தலையில் விழும்.

செய்முறையைச் சொல்கிறேன். கட்டைக்குப் பண்ருட்டிப் பக்கத்துப் பலா. வெட்டிய புதிதில் மஞ்சளாக இருக்கும், வெயிலும் காற்றும் பட்டால் தானாகவே பழுப்பேறும்; மரமே பாதி வேலையை முடித்துவிடும். குழல் பகுதியும் மரம்தான். இரும்புக் குழாய் வைத்தால் வாள்சண்டைக் காட்சியில் யார் மண்டையாவது உடையும். குழலுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, முதலில் அலுமினியப் பெயின்ட் அடிக்க வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு மேலே மங்கல் கறுப்பு. இந்த வரிசை மாறக் கூடாது. அப்புறம் தேய்ந்துபோன உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு விளிம்புகளை மட்டும் மெதுவாகத் தடவினால், கறுப்புக்கு அடியிலிருந்து வெள்ளி எட்டிப் பார்க்கும். இரும்பு தேய்ந்த தோற்றம் அதுதான்.

அடுத்தது அழுக்கு. ரெட் ஆக்சைடில் துளி கறுப்பு சேர்த்து, டர்பன்டைன் விட்டுத் தண்ணீராகக் கரைத்து, மூலை முடுக்கெல்லாம் ஓடவிட்டு, காய்வதற்குள் துணியால் துடைத்துவிட வேண்டும். பள்ளத்தில் நிற்பது நிற்கும், அது துரு. கடைசியில் பென்சில் கரியைப் பொடித்துக் கட்டைவிரலால் தேய்த்தால் கறுப்புப் பெயின்ட் உலோகமாக மாறும். கட்டைக்கு வார்னிஷ் கூடாது, விளக்கு வெளிச்சத்தில் பளீரென்று காட்டிக்கொடுத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் போதும். மேடைக்கு என்றால் எல்லாவற்றையும் ஒரு பங்கு தூக்கலாகச் செய்ய வேண்டும், கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமே. கேமரா கிட்டே வரும் என்றால் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நான் கற்ற பெரிய பாடம் ஒரு வாயில் காவலரிடம். வடக்கத்திக்காரர், எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து தமிழ் பேசப் பழகியிருந்தார். ஒத்திகைக்குப் போகும் வழியில் லுங்கியில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த சாமானைப் பிரிக்கச் சொன்னார். கையில் வாங்கி எடை பார்த்துச் சிரித்தார். அப்புறம் கேட்டார்: “பாய், இது நின்னு டூட்டி பார்த்த துப்பாக்கியா, படுத்துக் கிடந்த துப்பாக்கியா?” தன் தோளில் இருந்ததை இறக்கிக் காட்டினார். நின்று காவல் பார்ப்பவர் துப்பாக்கியைத் தரையில் ஊன்றுவார். அடிக்கட்டையின் ஒரு முனை மழுங்கியிருந்தது. தோள்வாரின் வளையம் மரத்தில் உரசி உரசிப் பிறை வடிவில் தடம் பதித்திருந்தது. இடது கை தாங்கும் இடம் எண்ணெய்க் கறுப்பாக இருந்தது. பெட்டியில் பூட்டி வைத்ததற்கு இதில் எதுவும் இருக்காது. துரு மட்டும் எல்லாப் பக்கமும் சமமாகப் பூத்திருக்கும். அன்று முதல் நாடகக்காரர்கள் துப்பாக்கி கேட்டு வந்தால் என் முதல் கேள்வி: யார் கையில், எத்தனை வருஷம்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்த்தால் மேடைத் துப்பாக்கிகள் பல பொய் சொல்வது தெரியும். மூன்றைச் சொல்கிறேன்.

கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அன்றைய கும்பினிச் சிப்பாயின் கையில் இருந்தது சக்கிமுக்கிக் கல் தட்டித் தீப்பொறி பறக்கும் நீளத் துப்பாக்கி. அதன் குழலைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது வெள்ளைக்காரப் பட்டாளத்து வழக்கம். துரு இருந்தால் தண்டனை. ஆகவே ஜாக்சன் துரையின் சிப்பாய்க்குத் துருப்பிடித்த துப்பாக்கி கொடுப்பது தப்பு. வெள்ளிக் குழல், தேய்த்துத் தேய்த்து மழுங்கிய விளிம்பு, கல் தட்டும் இடத்தில் மட்டும் கரிப்புகை. அதுதான் சரி.

வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டது 1911 ஜூன் 17. அந்தக் கைத்துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். அந்த வகைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி சந்தைக்கு வந்தே அப்போது பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு அது நவீனச் சாமான். ஆனால் சுதந்திர தின நாடகங்களில் வாஞ்சி கையில் கொடுப்பது, உருளை சுழலும் பழைய ரிவால்வர், அதுவும் துரு பூசி. ‘பழைய காலத்து ஆள், பழைய துப்பாக்கி’ என்று நினைத்துவிடுகிறார்கள். வாஞ்சிக்கு நான் செய்து கொடுத்ததில் துளி துரு வைக்கவில்லை. இயக்குநர் முகம் சுளித்தார், நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாவது, காந்தியைச் சுட்ட 1948 ஜனவரி 30. கோட்சே கையில் இருந்தது இத்தாலியின் பெரெட்டா, 1934 வகை, எண் 606824. குவாலியரில் கைமாறி வாங்கியது. இதற்குத்தான் வயது காட்ட வேண்டும். உறையில் போட்டு எடுத்த கைத்துப்பாக்கிக்கு முதலில் தேய்வது குழல்முனை, அப்புறம் பக்கவாட்டு விளிம்பு. கைப்பிடி ஓரத்தில் வியர்வை பட்டுப் பொரிப்பொரியாகத் துரு. மற்ற இடமெல்லாம் கறுப்பு அப்படியே இருக்கும். மூன்று துப்பாக்கி, மூன்று வயது. எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பை அடிப்பவன் வரலாற்றையும் அழுக்காக்குகிறான்.

இதே வித்தை தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் பெரிய சாட்சி சிவபுரம் நடராசர். 1951-இல் கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் சோழர் காலத் திருமேனிகள் மண்ணிலிருந்து கிடைத்தன. பழுது பார்க்க என்று ஸ்தபதியிடம் போனது அசல், கோயிலுக்குத் திரும்பிவந்தது நகல். பூசை நடந்தது, ஊர் கும்பிட்டது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அசல் தனியார் கையில் இருக்கிறது என்று பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் 1965-இல் எழுதிய பிறகே விஷயம் வெளியே வந்தது. 1973-இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அதை 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. வழக்கு நடந்து, உடன்பாடு ஏற்பட்டு, 1986-இல்தான் திரும்பிவந்தது.

ஊர் ஏமாந்ததில் ஆச்சரியமில்லை. தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் கண்ட திருமேனியில் மூக்கும் உதடும் வழவழத்துப் போயிருக்கும். கைபட்ட வழி கும்பிடுகிறவர்களுக்குத் தெரியும். மண்ணில் புதைந்து கிடந்து அண்மையில் வெளியே வந்ததற்கு அந்த அடையாளம் கிடையாது, களிம்பு மட்டும்தான். களிம்பை உண்டாக்குவது கஷ்டமில்லை. மாறாக, 1976-இல் பத்தூரில் கிடைத்து லண்டனுக்குப் போன நடராசர் வழக்கில், திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும்கூட ஆராயப்பட்டன. 1991-இல் அந்த நடராசர் திரும்பிவந்தார். எங்கள் நகரியத்து நடராசர் கோயிலிலும் பத்தடிக்கு மேல் உயரமான ஐம்பொன் திருமேனி இருக்கிறது. இந்தக் காலத்தில் வார்த்தது. சோழர் காலத்தது என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

விளையாட்டுத் துப்பாக்கியில் ஆபத்து இன்னும் நேரடியானது. ஜப்பான் 1971-இலேயே உலோகத்தில் செய்த மாதிரிக் கைத்துப்பாக்கிகளின் குழலை அடைத்து, வெள்ளையோ மஞ்சளோ பூச வேண்டும் என்று சட்டம் போட்டது. அமெரிக்காவில் 1980-களின் கடைசியிலிருந்து குழல்முனையில் ஆரஞ்சு நிறம் கட்டாயம். பழசாக்குகிறவர்கள் முதலில் கைவைப்பது அந்த ஆரஞ்சில்தான். 2014 நவம்பரில் கிளீவ்லாண்ட் நகரப் பூங்காவில் ஏர்சாஃப்ட் வைத்து விளையாடிக்கொண்டிருந்த டமிர் ரைஸ் என்ற 12 வயதுப் பையனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். அவன் கையில் இருந்ததில் ஆரஞ்சு முனை இல்லை. நம் நாட்டிலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு விதிகள், துப்பாக்கியின் மாதிரிகளையும் நாடக, சினிமாப் பயன்பாட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

பழசாக்குவது பாவமில்லை. பார்க்கிறவர் நாடகம் என்று தெரிந்து பார்க்கும் வரை அது கலை. தெரியாமல் பார்க்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோனால் ஒன்று மோசடி, இல்லையென்றால் உயிர்ச்சேதம். ஆகவே இந்த வேலையில் இறங்கும் பிள்ளைகளுக்கு ஒரு கிழவன் சொல்வது இவ்வளவுதான். செய்த ஆண்டையும் உங்கள் பெயரையும் அடிக்கட்டையில் ஆணியால் கீறிவிடுங்கள், அது எந்தக் காலத்திலும் அழியக் கூடாது. ஊர்வலம், குறும்படம் என்று பொது இடத்துக்கு எடுத்துப் போவதானால் முதல் நாளே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். காட்சி முடிந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். தெருவில் விளையாடக் குழந்தை கேட்டால், சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும் பொட்டு வெடித் துப்பாக்கியை வாங்கிக் கொடுங்கள்.