வலி அறியாத கால்களும் எக்ஸ்ரே படமும்

முன்னுரை

செஞ்சியைச் சுற்றிப் பாறையும் கரடும் முள்ளும் அதிகம். வெறுங்காலோடு நடப்பவருக்கு முள் தைத்தால் வலிக்கும். உடனே நின்று பிடுங்கி எறிந்துவிடுவார். அந்த வலியே தெரியாவிட்டால்? செஞ்சி அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அங்கும் அண்டையிலுள்ள வடாற்காட்டிலும் தொழுநோய் மிகுந்திருந்த காலத்தில், வலி அறியாத கால்களோடு வாழ்ந்தவர்கள் ஏராளம்.

வேலூரில் தொடங்கிய மாற்றம்

தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி, விரல்கள் உதிர்ந்துவிடும் என்றே பலரும் நம்பினர். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, மடங்கிப்போன கைகளைக் கண்டார். நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது. பிறகு காயமும் கிருமியும் சேர்ந்து உறுப்பை அழிக்கின்றன என்பதை அவரும் உடன் பணியாற்றியவர்களும் எடுத்துக்காட்டினர். 1955-ல் வேலூர் அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது.

படம் சொன்ன செய்தி

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். முறிந்த எலும்பைப் பார்ப்பதே அதன் முதன்மையான பயனாக இருந்தது. பொதுவாக, வலிக்கிறது என்று நோயாளி சொன்ன இடத்தையே மருத்துவர் படம் எடுப்பார். தொழுநோயாளியோ எலும்பு நொறுங்கிய காலோடு நடந்தே வருவார். பாதம் சற்று வீங்கிச் சூடாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே கணுக்காலை ஒட்டிய எலும்புகள் சிதைந்து கொண்டிருப்பதை எக்ஸ்ரேதான் காட்டியது. ஆறாத புண்ணுக்கு அடியில் எலும்பு வரை சீழ் பிடித்திருக்கிறதா, விரலை ஒட்டிய எலும்புகளின் நுனி தேய்ந்து கூராகிவிட்டதா என்பதும் அதில் தெரிந்தது.

அறுவைக்கு முன்

முழங்காலுக்குச் சற்றுக் கீழே செல்லும் நரம்பு கெட்டால் முன்பாதத்தைத் தூக்க முடியாது, அது தொங்கிவிடும். காலின் பின்புறத் தசைநாண் ஒன்றை முன்பக்கம் மாற்றித் தைத்து இதைச் சரிசெய்யலாம். ஆனால் எலும்பு நொறுங்கிக் கொண்டிருக்கும் பாதத்தில் கத்தி வைத்தால் கேடே மிஞ்சும். படத்தில் சிதைவு தெரிந்தால் முதலில் மாவுக்கட்டு, ஓய்வு. எலும்பு இறுகிய பிறகே அறுவை. எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் படமே சொன்னது.

மை தடவிய ரப்பர் விரிப்பில் நடக்கவைத்து எடுக்கும் பாதச்சுவடும் ஒரு படம்தான். மை அடர்ந்த இடத்தில் அழுத்தம் அதிகம். அடுத்த புண் அங்கேதான் வரும். அதைத் தடுக்க எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு வந்தது.

முடிவுரை

சி.டி. ஸ்கேனில் 1971-ல் முதல் நோயாளி படம் எடுக்கப்பட்டார். பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. மென்தசையையும், அல்ட்ராசவுண்ட் தடித்த நரம்பையும் காட்டுகின்றன. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்கு 2005-ல் இந்தியாவில் தொழுநோய் குறைந்தது. எனினும் வலி அறியாத கால்கள் மறையவில்லை. இன்று நீரிழிவு அதே வேலையைச் செய்கிறது. 'வலிக்கவில்லையே' என்று வீங்கிய பாதத்தோடு நடப்பவர் அன்றைய நோயாளியின் நிலையில்தான் இருக்கிறார். வலி வாய் திறக்காதபோது படத்தைக் கேட்பதே நல்லது. காலத்தோடு எடுத்த ஒரு படம் காலையே காப்பாற்றக்கூடும்.